நியூசிலாந்து போகும் வழியில் எதிர்வீடு

உ

எதிர்வீடு, ஸ்ரீரங்கம்.
புரட்டாசிச் சனிக்கிழமை, சாயங்காலம்.

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் வீரமலை அவர்களுக்கு, தங்கள் தங்கை வள்ளிக்கண்ணுவின் கணவன் பிச்சமுத்து பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். வையம்பட்டியில் தாங்களும், வீட்டில் அக்காவும், ஆடு மாடுகளும், கடலைக்காடும் அதேபோல் சௌக்கியமாக இருக்க ஆண்டவன் அருள்வானாக. 'இங்கே' என்று எழுதியிருக்கிறேனே, அது எங்கே என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. மேலே உள்ள விலாசத்தை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். படித்ததும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

'போட்டோ எல்லாம் எனக்கு வேணாம் மாப்ள, அந்த ஊரு ஸ்டாம்பு ஒட்டி ஒரு கடுதாசி போடுங்க, அப்பதான் நம்புவேன்' என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். முதல் நாளே போடுகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்குத் தவறவில்லை, முதல் நாளே எழுதிவிட்டேன். ஸ்டாம்பு மட்டும் நம்ம ஊர் ஸ்டாம்பு. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

உங்கள் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு கைலாசபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து இது வேண்டும் என்று ஒன்று கேட்டதில்லை. புடவை எடுக்கப் போனால்கூட 'உங்களுக்குப் புடிச்சதை எடுங்க' என்பாள். நானும் எடுப்பேன். அதை ஒருநாளும் கட்டமாட்டாள். அப்படிப்பட்டவள் போன தை மாதம் டி.வி. பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று, "ஏங்க, இந்த நியூசிலாந்துல ஆளை விட ஆடு அதிகமாமே. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றாள். செம்மறி ஓட்டிக்கொண்டு வளர்ந்தவள், அவளுக்கு அந்த ஆசை வந்ததில் அதிசயமில்லை. எனக்கு ஆடு என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு என்பதைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. ஆனாலும் கேட்டது வள்ளிக்கண்ணு. அவள் கேட்கிற முதல் காரியம், வயசைப் பார்த்தால் கடைசிக் காரியமாகவும் இருக்கலாம், இதை நிறைவேற்றாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று அன்றைக்கே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். கீழே வரும் சங்கதிகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

டிக்கெட், விசா எல்லாம் தில்லை நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சுபஸ்ரீ என்கிற கெட்டிக்காரப் பெண் பார்த்துக்கொண்டாள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கே விமானம் மாறி நியூசிலாந்து. எல்லாம் சரியாக இருந்தது, நீங்கள் போன் பண்ணும் வரைக்கும். "மாப்ள, சனிக்கிழமை கிழக்கே சூலமாச்சே. சிங்கப்பூரு கிழக்காலதான இருக்கு? வெள்ளிக்கிழமையே நல்ல நேரம் பாத்து பரஸ்தானம் வெச்சிடுங்க" என்றீர்கள். விமானம் ஓட்டுகிறவன் சூலம் பார்த்தா ஓட்டுகிறான் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற உங்கள் தங்கையின் முகம் வாடியதைப் பார்த்து, வந்த வாயை மூடிக்கொண்டேன். பயணச் சாமானில் ஒன்றை முன்னாடியே நல்ல நேரத்தில் கொண்டுபோய், போகிற திசையில் இன்னொருத்தர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போனால் சூலம் ஒன்றும் செய்யாது. ஓய்வு பெற்றபின் நாங்கள் இருக்கும் இந்த ஸ்ரீரங்கம் வீட்டுக்குக் கிழக்கே சரியாக எதிர்வீடு இருக்கிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெங்கராஜும் அவர் சம்சாரம் பானுமதியும் அங்கே இருக்கிறார்கள். நம் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவர்கள் வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு சின்னத் தெரு.

"ஒரு துண்டு, ஒரு மஞ்சக் கிழங்கு, ரெண்டு வெத்தலை. அது போதுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. நான் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் மச்சான். அரைகுறைக் காரியம் எனக்குப் பிடிக்காது. துண்டைக் கொண்டுபோய் வைத்தால் துண்டுக்குத்தானே பயணம் தொடங்கும்? நமக்கு எப்படித் தொடங்கும்? எது இல்லாமல் பயணமே இல்லையோ அதைத்தானே வைக்க வேண்டும்? ஆகவே மண்ணச்சநல்லூர் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில், துண்டுக்கு அடியில், எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துவிட்டேன். பாதுகாப்பை உத்தேசித்து இதை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் ரெங்கராஜ் அந்தப் பையைத் தம்பதி சமேதராக வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே என் போனையும் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டேன். விமானத்தில் ஏறும் பதற்றத்தில் மறந்துவிட்டால் விமானத்துக்கு ஆபத்து என்கிறார்களே. ஊருக்குப் போய் இறங்கும் வரைக்கும் அதைத் தொடக்கூடாது என்பது என் கட்டுப்பாடு.

சனிக்கிழமை காலை, ஏர்போர்ட்டுக்குப் போகச் சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் டிரைவர் ஹாலித் தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கு ஒரு கரண்டி தயிர் குடித்தோம். கதவைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள் வள்ளிக்கண்ணு. பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்ப் பையைக் கேட்டேன். பானுமதி அம்மா சிரித்த முகத்துடன், "அவரு விடியக்காலையே கோயிலுக்குப் போயிட்டாருங்க. புரட்டாசிச் சனிக்கிழமையாச்சே. உங்க பையையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. அவ்வளவு தூரம் போறவங்க, பெருமாள்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து கொடுத்தா நல்லதுன்னு சொன்னாரு. இந்தா வந்துடுவாரு" என்றார். எனக்கு வயிற்றில் அந்தத் தயிர் திரும்ப ஒரு தடவை உறைந்தது. துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். பானுமதி அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ள பார்வைதான் அது, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரெங்கராஜின் போனுக்கு வள்ளிக்கண்ணு போட்டாள். அது உள்ளே சமையலறையில் அடித்தது.

"நீ கார்லயே இரு, நான் போய்ப் புடிச்சுக்கிட்டு வந்துடறேன்" என்று ஓடினேன் மச்சான். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆளைத் தேடுவது என்றால் என்ன என்பது தேடியவனுக்குத்தான் தெரியும். வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது என்றே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பை, பாதிப் பேர் கையில் தாம்பூலப் பை. கோபுரத்தடியில் நின்று "ரெங்கராஜ்!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சும்மா இருக்குமா? ஒரு இருபது பேர் திரும்பி 'என்ன?' என்றார்கள். மீதிப் பேர், யாரோ பக்தர் உருகிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "ரெங்கா! ரெங்கா!" என்று கூடவே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "பாவம், எந்த ஊருலேருந்து வந்தாரோ, அவரை முன்னாடி விடுங்க" என்று என்னைப் பிடித்து வரிசைக்குள் தள்ளிவிட்டார். உள்ளே போனவன் வெளியே வர வழியில்லை. முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம், இரண்டு பக்கமும் கம்பி. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என்னைப் பெருமாளிடமே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் மோட்சம் கேட்கும் இடத்தில் நான், 'சாமி, ரெங்கராஜ் எங்கே?' என்று மட்டும் கேட்டேன். அவரும் படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிவெயிலில் நெற்றியில் குங்குமமும் காதில் துளசியுமாகத் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். கார் அங்கேயே நின்றது. வள்ளிக்கண்ணு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாம்பூலப் பை. "பை வந்து வெகு நேரமாச்சு சார். நீங்க அந்தப் பக்கம் போனீங்க, ரெங்கராஜ் சார் இந்தப் பக்கமா வந்துட்டாரு. உங்களுக்குத்தான் போன் போட்டுப் போட்டுப் பாக்குறோம், லைனே கெடைக்கல" என்றார் ஹாலித் தம்பி. ரெங்கராஜ் எங்கே என்றேன். என்னைத் தேடிக் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். பாஸ்போர்ட்டும் பெட்டியும் பெண்டாட்டியும் காரில் தயாராக இருக்க, அவை இல்லாத இடத்தில் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். "இனிமே போனா கவுண்டரை மூடியிருப்பாங்களே சார்" என்று ஹாலித் தயங்கிக்கொண்டே சொன்னார். அவள் ஆசையாகக் கேட்ட ஒன்றே ஒன்றையும் கோட்டை விட்டுவிட்டேனே என்று தெருவிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை மச்சான். கையில் இருந்த தன் போனை ஒரு பார்வை பார்த்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "சரி, போனாப் போகுது. பெட்டியை எறக்குங்க தம்பி" என்றாள். நான் எழுந்து, வீட்டைத் திறக்கச் சாவிக்குக் கை நீட்டினேன். தர மறுத்துவிட்டாள். "பரஸ்தானம் வெச்சுப் பொறப்பட்டாச்சு. ஊருக்குப் போயிட்டு வராம திரும்ப நம்ம வாசப்படி ஏறினா பயணம் முறிஞ்சுபோயிடும். எங்க வீட்டு வழக்கம். அண்ணன் கேட்டா கொன்னு போட்டுடும்" என்றாள். உங்கள் பேரைச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? சொந்த வீடு எதிரே பூட்டிக் கிடக்க, நாங்கள் பெட்டியோடு தெருவில் நின்றோம். பானுமதி அம்மா ஓடிவந்து ஒரு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்படித்தான் எங்கள் வெளிநாட்டு விடுமுறை எதிர்வீட்டு மாடியில் தொடங்கியது.

சுபஸ்ரீயிடம் பேசி வேறு டிக்கெட்டுக்கு வழி கேட்கலாம் என்றேன். "நீங்க பேசினா கத்துவீங்க, நான் பேசிக்கறேன்" என்று வள்ளிக்கண்ணு பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "பாத்துச் சொல்றேன்னுச்சு. நீங்க மொதல்ல உக்காருங்க" என்றாள். அதற்குள் ரெங்கராஜ் இரண்டாம் தரிசனமும் முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன் பிச்சமுத்து" என்று கண் கலங்கினார். பெருமாளுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டிய ஒரே குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. வந்த கோபம் அதோடு போய்விட்டது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல், அப்பளம். வழக்கம்போல் வள்ளிக்கண்ணு கரண்டியைப் பிடிக்க எழுந்தாள். பானுமதி அம்மா தோளை அழுத்தி உட்கார வைத்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். "நியூசிலாந்து ஹோட்டல்ல தட்டு கழுவுவீங்களா? வைங்க கீழ" என்று ஒரு அதட்டல். வள்ளிக்கண்ணு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கேருந்து பாத்தா நம்ம வீடு நல்லாத்தான் இருக்குல்ல? அந்தச் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா நான் தெரிவேனா?" என்றாள். "தெரியாம என்ன? காலையில நீங்க பால் காய்ச்ச லைட்டைப் போட்டாத்தான் எனக்கு விடியும். நாளையிலேருந்து எப்படி எந்திரிக்கப் போறேனோன்னு நேத்துலேருந்து ஒரே யோசனை" என்றார் பானுமதி அம்மா. வள்ளிக்கண்ணு பானுமதி அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் என் நிலைமையையும் சொல்ல வேண்டும். நான் இந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறிப் 'போயிட்டு வரேன்' சொல்லியிருந்தேன். அம்மா மண்டபம் படித்துறையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிற கூட்டத்துக்கு நியூசிலாந்தின் தட்பவெப்பம் பற்றி ஒரு வாரம் பிரசங்கமே செய்திருந்தேன். எனக்குச் சால்வை கூடப் போர்த்தினார்கள். அப்படி வழியனுப்பப்பட்டவன் எதிர்வீட்டு மாடியில் நிற்பது தெரிந்தால் மானம் கப்பல் ஏறிவிடும். ஆகவே மதியத்திலிருந்து ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்தே நடந்தேன். கொடியில் காய்ந்த ரெங்கராஜின் வேட்டிக்குப் பின்னால் நின்றுதான் தெருவைப் பார்த்தேன். கீழே பூக்காரம்மா நம் வீட்டைக் காட்டி, "அவங்க இந்நேரம் ஆகாசத்துல பறந்துக்கிட்டு இருப்பாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது. கேட்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வள்ளிக்கண்ணு அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை மச்சான். குவார்ட்டர்ஸில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்கியவன் நான். குக்கர் விசில் அடித்தால் நான் விழித்துவிடுவேன் என்று அவள் பானையில் சோறு வடிப்பாள். பிள்ளைகளை எதிர் பிளாக்குக்கு விளையாடத் துரத்துவாள், கதவைத் தட்ட வருகிறவர்களுக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்ட வாசலிலேயே நிற்பாள். அத்தனை வருடமும் என் தூக்கத்துக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள், அது என் புத்திக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கால் இரண்டும் பெட்டியின் மேல். புதுசாக வாங்கிய பயணச் செருப்பு கழன்று கீழே கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில், 'வெங்காயம், வெங்காயம், பெரிய வெங்காயம்' என்று ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு வெங்காய வண்டி உள்ளே நுழைந்தது.

வேட்டிக்குப் பின்னால் நின்றபடியே கையை ஆட்டினேன். அவனுக்குத் தெரியவில்லை. வண்டி நெருங்கிக்கொண்டே வருகிறது, இவள் புருவம் சுருங்குகிறது. மானமாவது, சால்வையாவது! மாடிப்படியில் தடதடவென்று இறங்கி நடுத்தெருவில் போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வெங்காயம் வாங்க வந்த மொத்தத் தெருவும் என்னைப் பார்த்தது. பூக்காரம்மா, "சார், நீங்க ஃபாரின் போகலையா?" என்றது. "போயிட்டேன், போயிட்டேன். சத்தம் போடாதீங்க, வீட்டுல தூங்குறாங்க" என்று உதட்டில் விரலை வைத்துச் சொன்னேன். என்ன புரிந்ததோ, வண்டிக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார். எல்லோரும் குசுகுசுவென்று பேரம் பேசி வெங்காயம் வாங்கிக்கொண்டு போனார்கள். மேலே வந்து பார்த்தேன். அவள் தூக்கம் கலையவில்லை.

அவள் தூங்கும் நேரத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது. துண்டு போதும் என்றாள், நான் கேட்கவில்லை. சுபஸ்ரீ வேறு வழி சொன்னால் சரி, இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஏற்பாடு செய்து, எந்த மாதமானாலும், உங்கள் தங்கையை அந்த ஆட்டு மந்தைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் நான் வாசப்படி ஏறமாட்டேன். ஏற அவளும் விடமாட்டாள். என்மேல் கோபம் இருந்தால் அதை என்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், கன்று போட்ட மாட்டுக்கு விசாரிப்பு. மழை பெய்து கடலை நன்றாக விளையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்
பிச்சமுத்து

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படியுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து வந்த வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். வெங்காய வண்டி இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் போனைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுபஸ்ரீ அனுப்பிய செய்தி. நான் கோயில் வரிசையில் நின்றபோதே வந்திருக்கிறது: 'ஆன்ட்டி, அங்கிளுக்கு லைன் கிடைக்கவே இல்லை. இன்னைக்கு அந்த ஃபிளைட் கிடையாது, எல்லாருக்கும் நாளைக்கு மாத்திட்டாங்க. சிங்கப்பூர்லேருந்து போறதையும் மாத்திட்டேன். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம்.' நாளை ஞாயிற்றுக்கிழமை, கிழக்கே சூலமும் இல்லை.

"அப்பவே தெரியுமா? ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க பூட்டைத் தொறந்திருப்பீங்க. நான் போய் அடுப்பைப் பத்த வெச்சிருப்பேன்" என்றாள். "அப்ப, வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொன்னது?" என்றேன். "அது எங்க வீட்டு வழக்கம். சந்தேகமா இருந்தா அண்ணனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பானுமதி அம்மா நீட்டிய காப்பியை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

ஆகையால் கேட்கிறேன் மச்சான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டா? நாங்கள் திரும்பி வருவதற்குள் பதில் போடுங்கள். இல்லையென்றாலும் உண்டு என்றே எழுதுங்கள்.